அசல் சான்றிதழும் பி.டி. சாரும்

ஞானசேகரன் சார் இறந்த செய்தி எனக்குப் பெங்களூரிலிருந்து வந்தது. திருமானூர் விவசாயி ஒருவரின் பம்பு மோட்டாருக்குக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தேன். என் மகள் கலைச்செல்வி போனில், "அப்பா, பி.டி. சார் போயிட்டாராம்ப்பா" என்றாள். அரியலூரில் அவர் வீட்டுக்கும் என் கடைக்கும் நடுவே நான்கு தெருதான். உள்ளூரில் ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. அந்தக் கோபத்தோடுதான் மாலை வாங்கப் போனேன்.

அவர் வேலை பார்த்த தனியார் பள்ளியின் வாசலில் அஞ்சலிப் பலகை வைத்திருந்தார்கள். கபடியிலும் கோகோவிலும் அவர் வாங்கித் தந்த கோப்பைகளின் பட்டியல் அதில் இருந்தது. பிளஸ் டூ முடித்த பிள்ளைகளை வருடாவருடம் சென்னைக்கு இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்கு அழைத்துப் போனாரே, அது இல்லை. முதல் மூன்று மதிப்பெண்காரர்களின் படத்தை நாற்சந்தியில் மாட்டுவதோடு பள்ளியின் அக்கறை முடிந்துவிடும். நடுவில் நின்ற பிள்ளைகளுக்கு அவர்தான் இருந்தார். பள்ளி எழுதாததை நான் எழுதுகிறேன். அவரிடம் படித்தவர்கள் சாட்சி.

விளையாட்டு வாத்தியாருக்கு இதில் என்ன வேலை என்று நானே கேட்டிருக்கிறேன். "வெளியூர் மேட்ச்சுக்குப் புள்ளைங்களக் கூட்டிட்டுப் போயிப் பழக்கம்ண்ணே. இதுவும் வெளியூர்தான்" என்றார். மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு, நடுவில் மேசை வைத்து, கவுன்சிலிங்குக்கு ஒத்திகை நடத்துவார். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து கல்லூரியைக் கேட்க வேண்டும். அந்த இடம் போய்விட்டது என்று அவர் கையை விரிப்பார். உடனே அடுத்ததைச் சொல்ல வேண்டும். முழித்தால் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். பெற்றோர் நாங்கள் ஓரமாகக் கட்டிய கயிற்றுக்கு அந்தப் பக்கம் நிற்போம். மகள் மேசைக்கு வந்தபோது, எலக்ட்ரிகல் கேள் என்று நான் குரல் கொடுத்துவிட்டேன். விசில் ஊதினார். "அண்ணன் எந்த காலேஜ்ல சேரணும்னு அப்புறம் பாத்துக்கலாம். இப்ப புள்ள சொல்லட்டும்." மைதானமே சிரித்தது. எனக்கு இரண்டு நாள் கோபம் ஆறவில்லை.

நான் எட்டாவதோடு நின்றவன். எரிந்துபோன மோட்டார்களைப் பிரித்துப் பிரித்தே தொழில் கற்றவன். எங்களைப் போன்றவர்களுக்குச் சிபாரிசு இல்லாமல் சென்னையில் எதுவும் கிடைக்கும் என்று நான் நம்பவில்லை. புதிதாகத் தொடங்கிய ஒரு தனியார் கல்லூரியின் ஆள் கடைக்கு வந்து, சான்றிதழைக் கொடுத்தால் இடம் உறுதி என்றான். மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ் இரண்டின் அசலையும் வீட்டில் யாரையும் கேட்காமல் கொடுத்தேன். கவுன்சிலிங்குக்கு இரண்டு நாள் முன்பு சார் மகளின் ஃபைலைப் பிரித்தார். உள்ளே ஜெராக்ஸ் மட்டும் இருந்தது. அசல் இல்லாமல் கவுன்சிலிங்கில் இடம் தர மாட்டார்கள். மகள் அழவில்லை. என் முகத்தைப் பார்க்கவும் இல்லை.

மறுநாள் காலை சார் என்னையும் மகளையும் கூட்டிக்கொண்டு அந்தக் கல்லூரிக்கு வந்தார். நானே விரும்பிக் கொடுத்தேன், தவறு என்னுடையது என்று எழுதிக் கொடுத்தால் பார்க்கலாம் என்றார் அங்கிருந்த மேலாளர். ஏமாற்றியது அவர்கள் ஆள், தவறு என்று எழுதுவது நானா? மதியம் வரை பேனாவைத் தொடவில்லை. சார் என்னோடு வாதாடவில்லை. வெளியே போய் டீ வாங்கி வந்தார். நான் குடித்து முடித்ததும் சொன்னார்:

"அண்ணே, யாரு தப்புன்னு எப்ப வேணாலும் பேசிக்கலாம். கவுன்சிலிங் நாளைக்குக் காலைல."

எழுதினேன். நான்கு மணிக்குச் சான்றிதழ்கள் கைக்கு வந்தன. பெரம்பலூர் போய்ச் சென்னை பஸ் ஏறினோம்.

கவுன்சிலிங் அறைக்குள் பிள்ளையோடு ஒருவர்தான் போகலாம். சார் என்னையே அனுப்பினார். வாயை மட்டும் திறக்காதீர்கள் என்றார். மகள் எழுதி வைத்திருந்த முதல் மூன்று இடங்களும் போய்விட்டதாகத் திரை காட்டியது. என் நாக்கு நுனியில் ஒரு கல்லூரியின் பெயர் வந்து நின்றது. விழுங்கினேன். அவள் முழிக்கவில்லை. நான்காவதைச் சொன்னாள். அரசுக் கல்லூரி, எலக்ட்ரானிக்ஸ். வெளியே வந்து ஆணையைக் காட்டியதும் சார் அதை இரண்டு முறை படித்துவிட்டு, "சாப்ட்டியாம்மா?" என்று மட்டும் கேட்டார். இன்று பெங்களூரில் அவளுக்கு வேலை.

இது 2007. இன்ஜினியரிங்குக்கு நுழைவுத் தேர்வு இல்லாத முதல் வருடம். பெற்றோர் குழம்பிக் கிடக்கிறார்கள். போன வாரம் ஆலத்தியூர் சிமெண்ட் ஆலைத் தொழிலாளி ஒருவர் மகளின் ஃபைலோடு கடைக்கு வந்தார். ஒரு கல்லூரி ஆள் அசலைக் கேட்கிறானாம். முன்பெல்லாம் இந்தக் கதையை, என்னை ஏமாற்றிவிட்டார்கள் என்றுதான் தொடங்குவேன். அன்று, "குடுத்துடாதீங்க. நான் ஒரு தடவ குடுத்தேன். அது என் தப்பு" என்றேன். அவர் ஃபைலை மடியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

ஞானசேகரன் சாரிடமிருந்து நான் வைத்திருப்பது 'அது என் தப்பு' என்ற அந்த மூன்று சொல். மற்ற எதிலும் நான் மாறவில்லை. அந்தப் பெண்ணின் கவுன்சிலிங் தேதியைக் கேட்டுக் குறித்துக்கொண்டேன். அவர்களோடு சென்னைக்கு நானும் போகிறேன்.