பார்க்காத படத்துக்கு எழுதிய இரண்டு வரி

பத்திரிகை அலுவலகத்தில் அவரை 'வெள்ளிக்கிழமை' என்றுதான் கூப்பிடுவார்கள். மற்ற நாள்களில் வானிலை, மின்தடை அறிவிப்பு என்று யார் கண்ணிலும் படாத மூலைகளை நிரப்புகிற மனுஷனுக்கு, வெள்ளிக்கிழமை மட்டும் ஒரு பக்கத்தின் மேல்பாதி சொந்தம். புதுப் படம் இரண்டு, கார்ட்டூன் ஒன்று, ஜப்பான் பாட்டு ஒன்று. தலைப்பு 'வாரப் புதுசு'. ஓரத்தில் அவருடைய சிரித்த முகம். பதினோரு வருஷமாக அதே போட்டோ. தலைமுடி அதில்தான் மிச்சம் இருக்கிறது.

ஜப்பான் மொழியில் அவருக்கு ஓர் எழுத்தும் தெரியாது. கார்ட்டூன் போட்டால் ஐந்தாவது நிமிஷம் கொட்டாவி. பிறகு எப்படி எழுதினார் என்கிறீர்களா? பார்த்ததும் கேட்டதும் அவருடைய அக்கா. புதன்கிழமை காலையில் விமர்சகர்களுக்குப் படம் போடுவார்கள், இரண்டு பாஸ் வரும். தம்பி குறட்டை விடுவார், அக்கா கண்கொட்டாமல் பார்ப்பாள்.

"இந்தப் பாட்டுல அந்தப் பொண்ணு மூச்சு வாங்குறதுகூடக் கேக்குதுடா, அத எழுது" என்பாள். "இத சின்னதுங்களுக்குக் காட்டாதீங்கன்னு எழுது, பயந்துடுங்க" என்பாள். இவர் எழுதுவார், எல்லாரும் மெச்சுவார்கள். "எம் பேரெல்லாம் எதுக்குடா, ஓசியில படம் பாக்குறேனே, போதாதா?" என்று சிரிப்பாள். இவரும் சரியென்று வாயை மூடிக்கொண்டார். அது மட்டும் எவ்வளவு சுலபமாக வந்தது பாருங்கள்!

நான்கு மாதத்துக்கு முன்னால் அக்கா போய்விட்டாள். காய்ச்சல் என்று படுத்தவள், மூன்றே நாள். ஏழு வயசு மகளையும், வெந்நீர்கூட வைக்கத் தெரியாத அத்தானையும் விட்டுவிட்டுப் போனாள்.

அதற்கப்புறம் வந்த பாஸெல்லாம் மேஜை டிராயரில் கிடக்கின்றன. பக்கத்து நாற்காலி காலியாக இருக்கப் படம் பார்க்க அவருக்கு மனசு வரவில்லை. அதுவரை நியாயம்தான். போகாமலே போன மாதிரி எழுதினாரே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. போன வாரம் ஒரு ஜப்பான் கார்ட்டூன் வந்தது. ஒரு நிமிஷ டிரெய்லரில் நீர்நாய்க் குட்டியொன்று சோப்புத் தொட்டியில் வழுக்கி விழுந்தது. போதாதா? 'வயிறு வலிக்கச் சிரிக்கலாம். குழந்தைகளைத் தாராளமாகக் கூட்டிப்போங்கள்.' இரண்டே வரி. எழுதிவிட்டு டீ குடிக்கப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை அத்தான் கூப்பிட்டார். போனால், சமையலறையில் பிரிட்ஜின்மேல் அந்த வாரத்துப் பக்கம் ஒட்டியிருந்தது. வெட்டி ஒட்டுவது அக்காவின் வேலை. பழையவற்றை ஒரு பிஸ்கட் டப்பாவில் அடுக்கி வைத்திருப்பாள். இது குழந்தை வெட்டியது, கோணலாக இருந்தது.

"அவ சிரிச்சு நாலு மாசமாச்சு. நீ எழுதினத நம்பித்தான் கூட்டிட்டுப் போனேன் மாப்ளே" என்றார் அத்தான். "பாதியில வெள்ளம் வந்து அம்மா நீர்நாய அடிச்சிட்டுப் போகுது. இவ கத்தின கத்தல்... தூக்கிட்டு வந்துட்டேன். ஒன்னக் குத்தம் சொல்லல. ஒனக்கு வேற மாதிரி பட்டிருக்கும்."

நாலு திட்டு திட்டியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. தரையைப் பார்த்தபடி நின்றவரின் சட்டையைக் குழந்தை இழுத்தாள்.

"மாமா, நீங்க முழுசாப் பாத்தீங்கல்ல? அந்த அம்மா கடைசில திரும்பி வருமா?"

"வரும்டா."

எப்படித்தான் நாக்கு புரண்டதோ! குழந்தையின் முகம் பளிச்சென்று ஆனது. "அப்ப நாளைக்குக் கூட்டிட்டுப் போங்க. அது வர்றத நான் பாக்கணும்."

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் போனார்கள். குழந்தையைப் படிக்கட்டில் உட்கார வைத்துவிட்டு, வாசலில் டிக்கெட் கிழிப்பவரிடம், அம்மா நீர்நாய் திரும்பி வருமா என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"எங்க சார் வரும்? போனது போனதுதான்" என்ற அந்த ஆள், இவரை உற்றுப் பார்த்தார். "பேப்பர்ல சிரிக்கிறது நீங்கதானே? நல்லா எழுதினீங்க போங்க. மூணு நாளா அழுவுற பிள்ளைங்களுக்குத் தண்ணி குடுத்தே என் கை ஓஞ்சு போச்சு."

இவருக்கு அப்படியே ஓடிவிடலாமா என்றுகூட இருந்தது. படிக்கட்டில் குழந்தை பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மாமா பொய் சொல்லிட்டேன். இந்தப் படத்த நான் பாக்கவே இல்ல. அந்த அம்மா வராது."

குழந்தை ஷூ நாடாவை அவிழ்த்தாள், திரும்பக் கட்டினாள். "பேப்பர்ல எழுதினது?"

"அதுவும் பொய்தான்."

"முன்னாடி எழுதினதெல்லாம்?"

"அம்மா இருந்த வரைக்கும் எழுதினது நிஜம். உங்கம்மா பாத்துச் சொன்னது. நான் சும்மா எழுதினேன்."

"எல்லாமேவா?"

"எல்லாமே."

"அப்புறம் ஏன் உங்க போட்டோ இருக்கு?"

அவர் எழுந்து குழந்தையின் பள்ளிக்கூடப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் குழந்தை பிஸ்கட் டப்பாவைத் தரையில் கவிழ்த்தாள். கத்தரிக்கோலை எடுத்து, ஒவ்வொரு தாளிலும் ஓரத்தில் சிரித்த முகத்தை மட்டும் வெட்டத் தொடங்கினாள், ஓர் எழுத்தும் கெடாமல். அத்தான் தடுக்கப் போனார். "விடுங்க அத்தான்" என்றார் இவர்.

கத்தரிக்கோல் நேராகப் போகவில்லை. "மாமா, இந்தப் பேப்பரக் கொஞ்சம் புடிங்க" என்றாள். பிடித்துக்கொண்டார்.