என் பேருக்கு ஒரு காகிதம்

மெல்பர்ன் நகரத்தின் மேற்கு ஓரத்தில், நேற்றுவரை ஆடு மேய்ந்த வெளியைப் பிளாட் போட்டு விற்ற இடத்தில், என் மகளும் மருமகனும் வீடு வாங்கியிருக்கிறார்கள். அங்கே போய் ஐந்து மாதம் இருந்துவிட்டு வந்தேன். சங்கரன்கோவிலில் என்னைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் கங்காரு பார்த்தீர்களா என்றுதான் கேட்கிறார்கள். பார்த்தேன். தூரத்தில் நின்றது, போய்விட்டது. அதைவிடச் சொல்ல வேண்டிய கதை ஒன்று என்னிடம் இருக்கிறது. அதை ஒருவரும் கேட்கிற மாதிரி தெரியவில்லை, அதனால் நானே எழுதிவிடுகிறேன்.

நம் ராஜபாளையம் ரோட்டிலும்தான் பிளாட் போடுகிறார்கள். ஆர்ச் வைத்து, கொடி நட்டு, பூங்காவுக்கென்று ஒரு மூலையை ஒதுக்கி, அதில் சீமைக்கருவேலத்தை வளரவிட்டுவிட்டுப் போய்விடுவார்கள். மெல்பர்னில் வரைபடத்தில் பூங்கா என்று போட்டிருந்தால் அந்த இடத்தில் பூங்காவே இருக்கிறது. நடைபாதை இருக்கிறது, வாத்து நீந்துகிற குளம் இருக்கிறது. மனிதர்கள்தான் இல்லை. காலை ஏழரைக்குக் கார்கள் எல்லாம் கிளம்பிப் போனால் சாயங்காலம் வரை தெருவில் ஈ காக்காய் கிடையாது. வாரத்தில் ஒருநாள் குப்பைத் தொட்டிகளை எல்லா வீட்டு வாசலிலும் வரிசையாக நிறுத்துவார்கள். அன்றைக்கு மட்டும் தெருவில் ஏதோ கூட்டம் கூடியிருப்பது போல எனக்கு ஆறுதலாக இருக்கும்.

முதல் இரண்டு வாரம் தூங்கினேன், சமைத்தேன். மூன்றாவது வாரம் கோபம் வந்தது. எனக்குக் கோபம் கூப்பிடாமலே வரும். மகள் வேலைக்குக் கிளம்பும்போது, "அம்மா, நீ நல்லா ரெஸ்ட் எடு" என்பாள். முப்பது வருஷத்துக்கு மேல் அரசு அலுவலகத்தில் குப்பை கொட்டியவள் நான். எனக்கு ரெஸ்ட் என்றால் மத்தியானம் ஒரு டீ, அவ்வளவுதான்.

ஒருநாள் வீட்டைப் பூட்டிக்கொண்டு நடந்தேன். கால்மணி நேரத்தில் ஒரு பெரிய கட்டடம் வந்தது. சமூகக்கூடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே கூரைக்குக் கீழே ஒரு பக்கம் நூலகம், ஒரு பக்கம் கைக்குழந்தைகளை எடை பார்க்கிற நர்ஸ், பின்னால் ரிட்டையர் ஆன ஆண்கள் கூடி மரச்சாமான் செய்கிற கொட்டகை. புதன்கிழமை யார் போனாலும் சூப் கொடுப்பார்கள். நம் ஊரில் இதற்கு நாலு துறை, நாலு சாவி, நாலு வாட்ச்மேன் வேண்டும். உள்ளே போன என்னை யாரும் "என்ன விஷயமா வந்தீங்க?" என்று கேட்கவில்லை. எனக்கே சங்கடமாகப் போய், "சும்மாதான் வந்தேன்" என்று ஆங்கிலத்தில் நானாக ஒருவரிடம் சொன்னேன். நல்லது என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

நூலகத்தில் தமிழுக்கென்று ஒன்றரைத் தட்டு இருந்தது. சமையல், ஜோசியம், மூன்று பாக நாவலில் முதலும் மூன்றும். இருந்தாலும் தமிழ் எழுத்தைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது, உள்ளதைச் சொல்ல என்ன வெட்கம். தினமும் போக ஆரம்பித்தேன். கத்தரிப்பூ நிறத்தில் தலைமுடிக்குச் சாயம் போட்ட ஒரு பெண் அங்கே நூலகர். எனக்கு நாற்காலியை வெயில் படுகிற ஜன்னலோரம் இழுத்துப் போட்டது அவள்தான். ஒருநாள், புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்கலாமே, கார்டு வாங்கிக்கொள்ளுங்கள், இலவசம்தான் என்றாள்.

எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. அந்த வீட்டில் எல்லாம் அடுத்தவர் பேரில்தான் இருந்தது. என் போன் சிம் மருமகன் பேரில், பஸ் கார்டு மகள் பேரில். வீட்டுச் சாவிகூட இரவல் சாவி. என் சொந்தப் பேரில் ஒரு கார்டு என்றால் சும்மாவா? மறுநாள் ஃபைலோடு போனேன். பாஸ்போர்ட், ஆதார், பான் கார்டு, பென்ஷன் புத்தகம், எல்லாவற்றுக்கும் இரண்டு ஜெராக்ஸ், நானே கையெழுத்துப் போட்டது. பாஸ்போர்ட் அளவு போட்டோ எட்டு.

அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எல்லாம் அழகாக இருக்கிறது, ஆனால் இதிலெல்லாம் இந்தியா விலாசம்தானே இருக்கிறது என்றாள். பிறகு ரொம்பத் தன்மையாகச் சொன்னாள். "இந்த ஊர் விலாசத்துக்கு உங்கள் பேரில் வந்த ஏதாவது ஒரு கடிதம் கொண்டுவந்தால் போதும்."

அது என் வசனம். வேலையில் இருந்த காலத்தில் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை நான் ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்து சொன்னது. கரிவலம்வந்தநல்லூரிலிருந்து ஒரு அம்மா விதவை உதவித்தொகைக்கு மூன்று தடவை வந்தார். வீடு தம்பி பேரில், கரண்டு கார்டு தம்பி பேரில். "உங்க பேருக்கு அந்த அட்ரஸ்ல வந்த காகிதம் எதாவது கொண்டாங்க" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, "எம்பேருக்கு யாரும்மா காயிதம் போடுதா?" என்று கேட்டார். நாங்களும் சேர்ந்து சிரித்தோம். நாலாவது தடவை அவர் வரவில்லை.

அன்றைக்கு மகளிடம் சொன்னபோது அவள் கையில் போனை வைத்துக்கொண்டே தீர்வு சொன்னாள். "ஆன்லைன்ல உன் பேருக்கு எதாவது ஆர்டர் போடுதேன். நாளைக்கே ஒன் பேரு ஒட்டி வந்துரும்."

"எனக்கு நானே ஆதாரம் தயார் பண்ணவா? இப்படிக் கொண்டுவந்தவங்கள எல்லாம் கண்டுபிடிச்சுத் திருப்பி அனுப்புனவ நான்" என்றேன்.

"அப்ப என் கார்டுல எடுத்துக்கோ."

"ஒன் கார்டு எனக்கெதுக்கு?"

மகள் தலையில் கைவைத்துக்கொண்டாள். நான் ஊருக்குப் போன் போட்டேன். என் வீட்டுக்காரர் என்னோடு வரவில்லை. வாசுதேவநல்லூர் பக்கம் குளத்துப் பாசனத்தில் மூன்று ஏக்கர் இருக்கிறது. நடவு முடிந்த வயலை எவன் கையில் விட்டுவிட்டு வருவது என்று சொல்லிவிட்டார். அவரிடம் விஷயத்தைச் சொல்லி, "எனக்கு ஒரு லெட்டர் போடுங்க" என்றேன்.

"தெனமும் போன்ல பேசுதோம். லெட்டர்ல என்னத்த எழுத?"

"உள்ள என்ன வேணா எழுதுங்க. கவர்தான் முக்கியம்."

பதினெட்டு நாள் கழித்துக் கடிதம் வந்தது. முந்தின நாள் வந்து தபால்பெட்டியில் கிடந்ததைக் காலையில் எடுத்து வந்த மருமகன் வாசலிலிருந்தே, "அத்தை, மாமா எனக்கு லெட்டர் போட்டிருக்காங்க!" என்று சந்தோஷமாகச் சத்தம் போட்டார். வாங்கிப் பார்த்தேன். கவர் மேல் மருமகன் பேர், முன்னால் உயர்திரு, பின்னால் அவர்கள். உள்ளே ஒரு பக்கம் முழுக்க மருமகன் நலம், சம்பந்தி வீட்டார் நலம், குளத்தில் தண்ணீர் எவ்வளவு கிடக்கிறது என்கிற விவரம். கடைசி வரியில், "தங்கள் அத்தையையும் விசாரித்ததாகச் சொல்லவும்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் நேர வித்தியாசம் பார்க்காமல் போன் போட்டேன். அங்கே விடியவில்லை.

"மாப்ள வீட்டுக்கு லெட்டர் போடுதேன். மாப்ள பேரு இல்லாம ஒம்பேர மட்டும் போட்டா அவரு என்ன நெனப்பாரு? மாமனாருக்கு மட்டு மரியாத தெரியலன்னு சொல்ல மாட்டாரா?" என்றார். முழு நம்பிக்கையோடு சொன்னார். தப்புச் செய்துவிட்டோம் என்கிற எண்ணமே இல்லை.

இதில் மாப்பிள்ளைக்கு மரியாதைக் குறைவே இல்லை என்று அவருக்குப் புரியவைக்க இரண்டு வாரம் ஆனது. மருமகனையே பேசவைத்தேன். "மாமா, அத்தை பேருக்கே போடுங்க, நான் தப்பா நினைக்க மாட்டேன்" என்று அவர் கெஞ்சாத குறையாகச் சொன்ன பிறகுதான் சரி என்றார். அதற்குள் அறுப்பு வந்துவிட்டது. நெல்லை மூட்டை பிடித்து அனுப்பிவிட்டுப் போடுகிறேன் என்று பத்து நாள் இழுத்தார். நான் நாள்காட்டியைப் பார்க்க ஆரம்பித்தேன். திரும்பிப் போக டிக்கெட் போட்டாகிவிட்டது.

தினமும் பதினோரு மணிக்குத் தபால்காரர் மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு ஒரு குட்டி வண்டியில் வருவார். நான் வாசலில் நிற்பேன். நாலைந்து நாளில் அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது. நாலு வீடு தள்ளி வரும்போதே எனக்கு இல்லை என்று தலையாட்டிவிடுவார். மகள், "அம்மா, லவ் லெட்டருக்கு நிக்கிற மாதிரி நிக்க" என்று கேலி செய்தாள். சிரிப்பு வந்தாலும் உள்ளுக்குள் எனக்குப் பயமாகத்தான் இருந்தது. கார்டு வாங்காமல் ஊருக்குப் போனால், ஐந்து மாதம் அந்த ஊரில் நான் இருந்ததற்கு ஒரு துண்டுக் காகிதம்கூட இருக்காது என்று நினைத்தேன்.

கிளம்ப ஐந்து நாள் இருக்கும்போது தபால்காரர் தெருமுனையிலேயே கையைத் தூக்கிக் காட்டினார்.

கவரில் என் பேர் இருந்தது. ஆங்கிலத்தில், பெரிய எழுத்தில், கோடு போட்டு அதன்மேல் எழுதி, கோட்டை அழித்திருந்தார். பேருக்குக் கீழே அடைப்புக்குறிக்குள் தமிழில் "அரசு அலுவலர் - ஓய்வு". என் பேரை அவர் எழுதி அதுவரை நான் பார்த்ததில்லை. கல்யாணப் பத்திரிகையில் அச்சில் பார்த்தது. அதையும் என் மாமனார்தான் எழுதிக் கொடுத்தார். வீட்டில் அவர் என்னைக் கூப்பிடுவது ஏட்டி, வெளியில் மகள் பேரைச் சொல்லி அவ அம்மா. உள்ளே ஒரே ஒரு தாள், ஒரே ஒரு வரி. "பேரு சரியா எழுதியிருக்கேனான்னு பாத்துச் சொல்லு. தப்புன்னா வேற போடுதேன்." நான் அங்கேயே நடைபாதையில் உட்கார்ந்து அழுதேன். தபால்காரர் பயந்துபோய் வண்டியை நிறுத்திவிட்டார். நல்ல செய்திதான் என்று அவருக்குப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

நூலகத்தில் அந்தப் பெண் கவரைப் பார்த்தாள், பாஸ்போர்ட்டைப் பார்த்தாள், ஐந்து நிமிஷத்தில் கார்டைக் கையில் கொடுத்தாள். ஜெராக்ஸ்கூட வாங்கவில்லை. அந்த நாவலின் முதல் பாகத்தை எடுத்துக்கொண்டு வந்து, நாலு நாளில் படித்து முடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு விமானம் ஏறினேன்.

ஊருக்கு வந்து பெட்டியைப் பிரித்தபோது கார்டும் கவரும் ஒன்றாக வெளியே வந்தன. இவர் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத வச்சு இங்கன என்ன செய்ய?" என்றார். ஒன்றும் செய்ய முடியாதுதான். ஆனால் கவரைப் பார்த்தபோது எனக்குக் கரிவலத்து அம்மா ஞாபகம் வந்துவிட்டது. அவர் பேருக்கு ஒரு கடிதம் நானே போட்டிருக்கலாம். ஒரு தபால் அட்டை போதும். இப்போதாவது போடுவோம், உதவித்தொகை கிடைத்ததா என்று கேட்போம் என்று பேனாவை எடுத்தேன். விலாசம் எழுதும் இடத்தில் கை நின்றுவிட்டது. முகம் அப்படியே இருக்கிறது, சிரிப்பு இருக்கிறது, பேர் இல்லை. மூன்று தடவை அவர் மனுவைக் கையில் வாங்கிப் படித்தவள் நான்.

"வண்டிய எடுங்க, கரிவலத்துக்கு ஒரு நடை போயிட்டு வருவோம்" என்றேன்.

"பேரு தெரியாம யாருன்னு கேக்க?"

"ஆபீஸுக்கு மூணு தடவை நடந்து, காகிதம் இல்லன்னு திரும்பி வந்த அம்மா யாருன்னு கேளுங்க."

அவர் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டே சொன்னார். "அப்படிக் கேட்டா பாதி ஊரு எந்திச்சு வரும்டி."