பேச்சியம்மாள் கையில் வழி மாறிய நரம்பு

எழுபதுகளின் கடைசியில் போடியில் ஒரு மருத்துவமனையின் பிசியோதெரபி பிரிவில் இருந்தேன். ராசிங்காபுரம் பேச்சியம்மாள் என் பொறுப்பில் வந்தார். ஏலத்தோட்டத்தில் களை வெட்டும்போது அரிவாள் வலது மணிக்கட்டில் இறங்கி நரம்பு அறுந்துவிட்டது. மதுரையில் தைத்து அனுப்பியிருந்தார்கள். கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றும் மரத்துக் கிடந்தன.

தைத்த நரம்பு நாளுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் வளரும். வாரந்தோறும் மணிக்கட்டிலிருந்து விரல் நோக்கித் தட்டிப் பார்த்து, சுருக்கென்ற இடம்வரை நரம்பு வந்திருக்கிறதென்று அங்கே புள்ளி வைத்து, ஸ்கேலால் அளந்து டைரியில் எழுதினேன். புள்ளி விரல் நுனிக்கு வர ஏழு மாதம் ஆனது.

"அண்ணே, கங்காணி வேற ஆள வைக்கப் போறாராம். கை சரியாயிருச்சுன்னு வெரசா எழுதிக் குடுங்க, சோலிக்குப் போகணும்."

"ஏலக்காயப் பிரிச்சுக் காட்டு ஆத்தா, தர்றேன்" என்று பச்சை ஏலக்காயை மேசையில் கொட்டினேன். விளைந்ததையும் பிஞ்சையும் ஒன்று தவறாமல் பிரித்தார்.

"இருவது வருசமா எடுக்குறேன், எங்கிட்டயே பரிச்சையா?" என்று சிரித்தார்.

'தொடுவுணர்வு திரும்பியது' என்று சான்று எழுதினேன்.

பத்தொன்பதாம் நாள் ஜீப்பில் கொண்டுவந்தார்கள். காய் உலர்த்தும் அறையில் வேலை கொடுத்திருக்கிறார்கள். சூட்டுக் குழாயில் பட்டு, சுட்டுவிரல் எலும்புவரை வெந்திருந்தது.

"சுட்டது தெரியலையா ஆத்தா?"

"நடுவெரல்ல சுருக்குன்னுச்சுண்ணே, நீங்க தட்டுறப்ப வருமே, அது மாதிரி. அந்த வெரலத் தூக்கிக்கிட்டேன். கருகுன வாடை வரவும்தான் குனிஞ்சு பார்த்தேன்."

சுட்டுவிரலை எடுத்துவிட்டார்கள். கட்டுப் பிரித்த அன்று அவரைக் கண்ணை மூடச் சொல்லி நடுவிரலைத் தொட்டேன். "சுட்டுவெரலு" என்றார். கண்ணைத் திறந்தவர், விரல் இல்லாத இடத்தை இடது கையால் தடவிப் பார்த்தார். தோட்டத்தில் அவர் இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று.

காரணம் எண்பதுகளில் ஒரு பயிற்சி வகுப்பில்தான் விளங்கியது. கருவில் நரம்பின் நுனி வளரும்போது, வழியிலுள்ள செல்களின் மேற்பரப்பில் ஒட்டும் மூலக்கூறுகள் இருக்கின்றன. பொருந்துவதைப் பற்றிக்கொண்டு நுனி முன்னேறும். அது சேரவேண்டிய இடத்தைக் கண்டுபிடிக்க அவை துணை செய்கின்றன. அறுந்து தைத்த நரம்பும் ஒட்டி ஊர்ந்துதான் வளர்கிறது. ஆனால் ஒரு நரம்புக்குள் பல இழைகள் உண்டு; தையலைத் தாண்டும்போது ஓர் இழை பக்கத்து இழையின் பாதையில் நுழைந்துவிட்டால், வேறு விரலில் போய் முடியும்.

நரம்பு எவ்வளவு தூரம் வந்தது என்று அளந்தேன்; எங்கே போய்ச் சேர்ந்தது என்று கேட்கவில்லை. காயைப் பிரித்தது அவருடைய கண், விரல் அல்ல. கண்ணை மூடச் சொல்லி, "எந்த விரல்?" என்று கேட்க இரண்டு நிமிடம் ஆகியிருக்கும்.