வெளியே: 1,096

2022 மார்ச் 14, திங்கட்கிழமை, மாலை 4:00. அருவிக்குச் செல்லும் காட்டுப் பாதையின் இரும்புக் கதவு பூட்டப்பட்டது.

பூட்டச் சொன்னது நான். இயற்கைச் சுற்றுலா ஒரு காட்டை எவ்வளவு சிதைக்கிறது என்று அளப்பது என் வேலை. அந்தப் பாதையில் மண் அரித்து வேர்கள் வெளியே வந்துவிட்டன. ஆட்களை நிறுத்துங்கள் என்று அறிக்கை கொடுத்தேன். இனி வருவதில் நானாகச் சேர்த்தது எதுவும் இல்லை. அன்று என்னுடன் இருந்த வனக்காவலர் இன்னும் பணியில்தான் இருக்கிறார்.

மூன்று வருடம் கழித்து, 2025 மார்ச் 14 அன்று, காடு தேறிவிட்டதா என்று பார்க்கப் போனேன். காவலர் கதவைத் திறந்து என்னை உள்ளே விட்டு, தானும் வந்து, விதிப்படி உள்ளிருந்தே மறுபடி பூட்டினார்.

“ஆளே வராத இடத்துல ஆள் எண்ண வந்திருக்கீங்களே மேடம். இதுக்குச் சம்பளம் வேற குடுக்கறாங்களா?”

சிரித்தேன். கதவிலிருந்து பத்தடி தள்ளி, கம்பத்தில் எங்கள் எண்ணும் கருவி. அதன் ஒளிக்கதிரை யார் கடந்தாலும் உள்ளே, வெளியே என்று தனித்தனியாகக் குறிக்கும். பூட்டிய அன்று அதன் கணக்கைப் பூஜ்யமாக்கியிருந்தோம். கதிரைத் தாண்டாமல் நின்று திரையைப் பார்த்தேன்.

உள்ளே: 0. வெளியே: 1,096.

பூட்டிய நாளிலிருந்து நேற்று வரை, தினம் ஒன்று. எல்லாமே மாலை 4:12.

“மானா இருக்கும்ணே.”

“மான் மணி பாத்தா வரும்?” அவர் இப்போது சிரிக்கவில்லை. “வாங்க, போயிடலாம்.”

அப்போதுதான் கவனித்தேன். எங்கும் முழங்கால் உயரப் புல். கதவை ஒட்டி, உட்பக்கம் மட்டும், இரண்டு பாதம் அளவுக்கு வெறும் மண்.

4:11. பூச்சிகளின் இரைச்சல் நின்றது.

சருகு மிதிபடும் சத்தம்... வேகமாக... நேரம் தவறியவர் ஓடிவருவதுபோல.

4:12. கருவியில் சிவப்பு விளக்கு மின்னியது. 1,097.

எங்கள் இருவருக்கும் நடுவே மூச்சிரைப்பு கடந்துபோனது.

டங்... டங்... டங்...

பூட்டிய கதவு ஆடியது.

“தொறங்கண்ணே!”

அவர் பூட்டைத் திறந்தார். கதவை அகலத் தள்ளினார். திறந்த கதவு அசையாமல் நின்றது.

டங்... டங்...

சத்தம் நிற்கவில்லை.

“கதவு திறந்திருக்கு,” என்றேன்.

டங்...

“திறந்துதான் இருக்கு!”

டங்...

4:21. நின்றது. திரும்பிப் போகும் சத்தம் இல்லை.

காவலரிடம் கேட்டேன்: “அன்னிக்கு உள்ள போய்ப் பாத்துட்டுத்தானே பூட்டினீங்க?”

“நீங்கதான மேடம், கணக்கு சரியா இருக்கு, எல்லாரும் வந்தாச்சுன்னு சொன்னீங்க...”

வீட்டுக்குப் போய்ப் பழைய கோப்பைத் திறந்தேன். 2022 மார்ச் 14, மாலை 3:55 வரை: உள்ளே 212. வெளியே 211. கீழே என் குறிப்பு: கருவிப் பிழை.

அந்தக் கணக்கை வைத்து எழுதிய ஆய்வுக் கட்டுரைக்குத்தான் எனக்குப் பேராசிரியர் பதவி கிடைத்தது. திருத்தம் வெளியிடும்படி ஆய்விதழுக்கு எழுதினேன். மூன்றாம் வாரம் பதில் வந்தது. ஒரு நபர் வித்தியாசத்தால் ஆய்வின் முடிவு மாறாது, திருத்தம் தேவையில்லை.