பூச்சி பூச்சியாய்ப் போய்ச் சேர்ந்த எங்கள் மனு

போன வருடம் மாசி மாதம் நடந்தது இது. மண்டபத்தில் ஒரு டைப்பிங் கடையில் வேலை பார்க்கிறேன். என் அம்மா கடல்பாசி எடுக்கிறவள். கண்ணாடி மாட்டி, விரல்களில் துணி சுற்றி, மூச்சடக்கி முங்கி எடுக்கிற வேலை. பாசி அழிகிறது, அதனால் கடலில் எதிரே இருக்கிற தீவுகள் பக்கம் இனிமேல் அதை எடுக்கவே கூடாது என்று அப்போது பேச்சு அடிபட்டது. அதை முடிவு செய்ய ஓர் அரசு அலுவலகத்தில் கூட்டம் வைத்திருந்தார்கள். சொல்ல வேண்டியதை முந்தின நாள் மாலைக்குள் மெயிலில் அனுப்பிவிட வேண்டுமாம். அம்மாவும் அவளுடன் கடலுக்குப் போகிற பெண்களும் கடைக்கு வந்து ஆளுக்கொரு பக்கம் சொல்லச் சொல்ல, அவர்கள் பேச்சை அப்படியே தமிழில் அடித்து அனுப்பினேன்.

மறுநாள் காலை பதில் வந்தது. மெயிலைப் படிக்க முடியவில்லை, அதனால் கூட்டத்தில் வைக்க இயலாது என்று. கீழே நாங்கள் எழுதியது ஒட்டியிருந்தது. ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை, பக்கம் முழுக்கப் பூச்சி பூச்சியாக ஏதேதோ குறிகள். வேறு அனுப்பலாம் என்றால் கெடு முடிந்துவிட்டது.

விஷயம் கேள்விப்பட்டு எல்லாரும் கடைக்கு வந்துவிட்டார்கள்.

"என்னடி, நாம சொன்னது அங்கன போய்ச் சேரலையா?"

கேட்ட அம்மாவின் முகம் சுண்டிப் போயிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குப் பயம் போய்க் கோபம் வந்துவிட்டது. கோபம் வந்தால்தான் எனக்கு மூளையே வேலை செய்யும்.

அந்தக் குறிகளை முறைத்துப் பார்த்தேன். உச்சியில் கோடு போட்ட ஆங்கில ஏ, பக்கத்தில் வட்டத்துக்குள் ஓர் ஆர். இந்த ஜோடி திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருந்தது. மெயில் சிதைந்திருந்தால் இவ்வளவு ஒழுங்காக வருமா? எழுத்து ஒன்றும் அழியவில்லை. அந்தக் கம்ப்யூட்டர் நம் தமிழை ஐரோப்பிய எழுத்து என்று எண்ணிக்கொண்டு காட்டுகிறது, அவ்வளவுதான்!

உடனே அந்த அலுவலகத்துக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். எடுத்தவர் எரிந்து விழுந்தார்.

"கெடு முடிஞ்சிருச்சும்மா. இனி ஒண்ணும் செய்ய முடியாது."

"புதுசா எதுவும் அனுப்பலை சார். நேத்து வந்த மெயிலையே தொறங்க. மேல வியூன்னு இருக்கும், அதுக்குள்ள என்கோடிங். வெஸ்டர்ன்ல டிக் ஆகியிருக்கும். அதை யூனிகோடுக்கு மாத்துங்க."

"அப்படி ஒண்ணும் காணோமே..." என்று முனகினார். விட்டேனா நான்? ஒவ்வொன்றாகச் சொல்லித் தேட வைத்தேன். கடைசியில் கண்டுபிடித்து மாற்றிவிட்டார். அப்புறம் மெதுவாக வாசிக்கத் தொடங்கினார்.

"பாசிய நாங்க வேரோட புடுங்குறதில்ல. கையால ஒடிச்சுத்தேன் எடுக்குறோம். மாசத்துல பாதி நாளு, அது வளரட்டும்னு நாங்களே கடலுக்குப் போகாம விட்டுருவோம்..."

"அது நான் சொன்னது சார்!" என்று அம்மா போனுக்குள் கத்தினாள். கடையே சிரித்தது. நான் மட்டும் அழுதேன்.

மனு கூட்டத்துக்குப் போனது. பெண்கள் தாங்களாகவே விட்டுவைக்கிற அந்த நாட்களையே விதியாக வைத்துக்கொண்டு, மற்ற நாட்களில் பாசி எடுக்கலாம் என்று முடிவானது. என்னால் அம்மா மாதிரி மூச்சடக்கி முங்க முடியாது. ஆனால் அவள் பேச்சு ஓர் எழுத்தும் குறையாமல் அந்த மேசைக்குப் போனது என்னால்தான் என்று நினைக்கும்போதெல்லாம், இன்றைக்கும் என் தலை தானாக நிமிர்ந்துகொள்கிறது.