பட்டியலில் நீடித்த பெயர்

2003 ஜூலை: என் மனைவி கமலா புனேயில் காலமானார்.
2005 ஜனவரி: இடைக்கால இங்கிலாந்தின் நிலவுடைமைக் குடும்பம் ஒன்றைப் பற்றி நாங்கள் இருவரும் தொடங்கிய ஆய்வுக் கட்டுரையை நான் தனியே முடித்தேன்.
2005 பிப்ரவரி: அதை அச்சுக்கு அனுப்பாமல் நிறுத்தினேன்.

நிறுத்த வைத்தவர், புனேயின் ஔந்த் பகுதியில் எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர், கோவைக்காரர். உறுப்பினர் பட்டியலுடன் வந்தவர் தயங்கினார்.

"சார், அம்மா பேரு இன்னும் இருக்குதுங்க. போன கூட்டத்துல ஆள் பத்தாம, அவங்களையும் சேத்துத்தான் கணக்குக் காட்டுனோமுங்க."

"கமலா எந்தக் கூட்டத்துக்கும் வந்ததில்லையே."

"அதானுங்க, இப்பத்தான் வந்திருக்காங்க." சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அவர் போனபின் கட்டுரையை எடுத்தேன். நில ஆவணங்களில் அறுபது ஆண்டுகள் ஜான் என்ற பெயர் தொடர்ந்து வந்ததால், அத்தனை காலமும் வாழ்ந்தவர் ஒரே ஜான் என்று எழுதியிருந்தேன். "ஒரே ஆளா?" என்று கமலா ஒருமுறை கேட்டதை நான் பொருட்படுத்தவில்லை. மறுநாள் நூலகத்தில் வழக்குப் பதிவுகளை மீண்டும் புரட்டினேன். அந்த அறுபதில் இருபதாம் ஆண்டிலேயே ஜானின் விதவை, தனக்குரிய மூன்றிலொரு பங்கு நிலத்தைக் கேட்டு, அதே பெயர் கொண்ட மகன்மீது வழக்குத் தொடுத்திருந்தாள்.

பட்டியலில் பெயர் இருப்பதை மட்டும் வைத்து, ஒருவர் உயிரோடிருந்தார் என்று இப்போது நான் எழுதுவதில்லை.

மீதமிருக்கும் வேலைகள்:
கட்டுரையின் மூன்றாம் பகுதியைத் திருத்துவது.
கமலாவின் குறிப்புச் சீட்டுகளை வரிசைப்படுத்துவது.
அவருடைய இறப்புச் சான்றிதழைச் சங்கத்தில் கொடுப்பது. செயலாளர் இருமுறை நினைவூட்டிவிட்டார்.