கற்பிட்டிக்கு மேலே அரை மணித்தியாலம்

ஆட்களை அரை மணித்தியாலம் ஆகாயத்தில் வைத்திருந்து பத்திரமாகக் கொண்டுவந்து இறக்குவதுதான் எங்கள் தொழில். இறங்கிய பிறகு அவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டு நிற்பதும் அதில் சேர்ந்தது.

நான் புத்தளத்துக்காரன். முன்பு டொல்பின் பார்க்க வருகிறவர்களைப் படகில் கூட்டிப்போய்க்கொண்டிருந்தேன். கொழும்பு முதலாளி ஒருவர் கற்பிட்டிப் பக்கம் தென்னந்தோட்டம் ஒன்றைத் துப்புரவாக்கி அதில் ஹெலிகொப்டர் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தினார். மூன்று பாஷையும் வாயில் வரும் என்பதால் என்னை வழிகாட்டியாக எடுத்தார். ஓட்டுகிறவர் விமானப்படையிலிருந்து ஓய்வுபெற்ற சிங்களவர். கப்டன் என்றுதான் கூப்பிடுவோம். தரையில் நின்று ஆட்களை ஏற்றி இறக்குகிறவன் யூட், கற்பிட்டி மீனவர் வீட்டுப் பிள்ளை. கடலேரியான களப்பு, உப்பளம், தீவுகள், பவளப்பாறை, அதிர்ஷ்டம் இருந்தால் டொல்பின் கூட்டம். இவ்வளவும் காட்டித் திரும்பக் கொண்டுவருவோம்.

ஹோட்டல் வாசலிலோ புடவைக்கடையிலோ பாங்கிலோ நாள் முழுக்கச் சிரித்த முகத்தோடு நின்றவர்களுக்கு நான் சொல்லப்போவது புதிதாக இருக்காது. அவர்களுக்காகத்தான் சொல்கிறேன்.

தராசு

ஹெலிகொப்டரில் ஏறுமுன் எல்லாரையும் நிறுக்க வேண்டும். யார் எந்தப் பக்கம் உட்காருவது என்பது பாரத்தைப் பொறுத்தது. தராசு அப்போது வெளியில், கொடுக்காய்ப்புளி மரத்தடியில் இருந்தது. ஒருவர் ஏறி நிற்க, யூட் எண்ணை உரத்துச் சொல்லுவான், கப்டன் அங்கே நின்றபடி தலையாட்டுவார்.

முன்னேஸ்வரத்தில் கல்யாணம் முடித்த கையோடு ஒரு சோடி வந்தது. வழியனுப்ப மாப்பிள்ளையின் அம்மா, தங்கச்சிமார், வேனில் வந்த சொந்தக்காரர் எல்லாரும் கூட வந்திருந்தார்கள். மாப்பிள்ளை ஏறினார், யூட் எண்ணைச் சொன்னான். மணப்பெண் ஏறினாள், அவளுடையதையும் சொன்னான். அது மாப்பிள்ளையுடையதைவிடக் கூடுதல். தங்கச்சிமாரில் ஒருத்தி சிரித்துவிட்டாள். மாமியார் சிரிக்கவில்லை, மருமகளை ஒருமுறை மேலிருந்து கீழே பார்த்தார், அவ்வளவுதான். பிள்ளை தராசிலிருந்து இறங்கினவள் வேனில் போய் ஏறிக்கொண்டாள். மாப்பிள்ளை கெஞ்சினார், நான் கெஞ்சினேன், கப்டன்கூடத் தனக்குத் தெரிந்த தமிழில் வந்து கூப்பிட்டார். அவள் இறங்கவே இல்லை. அடுத்த நாளே தராசை உள் அறைக்கு மாற்றித் திரையும் போட்டோம். அந்தப் பிள்ளைக்கு அதனால் என்ன பிரயோசனம். வேன் ஜன்னலால் அவள் புருஷனிடம் சொன்னது இவ்வளவுதான்:

"பறக்கிறதுக்கு என்றுதானே கூட்டிக்கொண்டு வந்தீங்க. நிறுக்கிறதுக்கு என்று சொல்லியிருந்தா வீட்டிலேயே நின்றிருப்பேன்."

கருவாடு

நாங்கள் இறங்கும் இடத்துக்குத் தெற்கே கருவாட்டு வாடிகள் இருந்தன. பருவத்துக்கு வந்து குடில் போட்டு, மீனை வெட்டி உப்பிட்டு, மணலில் விரித்த வலைகளில் காயவைக்கிறவர்கள். கப்டன் எப்போதும் அந்தப் பக்கத்தைத் தவிர்த்து வடக்கால்தான் இறங்குவார். ஒருநாள் தென்மேற்கிலிருந்து வீசுகிற கச்சான் காற்று திடீரென்று வடக்குக்குத் திரும்பிக்கொண்டது. காற்றுக்கு முகம் கொடுத்துத்தான் இறங்க வேண்டும். வேறு வழியில்லாமல் வாடிகளை ஒட்டி வந்தார். விசிறிக் காற்றில் மணல் எழும்பி, காய்ந்துகொண்டிருந்த கட்டா மீன் கருவாடு முழுவதையும் மூடிவிட்டது. பாதி பறந்து பற்றைச் செடிகளுக்குள் போனது.

நானும் யூட்டும் ஓடிப்போய்ப் பொறுக்கிக் கொடுத்தோம். வாடிக்காரி மரியா அக்கா எங்களை ஏசுவார் என்று பார்த்தேன். அவர் ஏசவில்லை. ஒரு கருவாட்டை எடுத்து நகத்தால் சுரண்டிப் பார்த்தார். கழுவித் தருகிறோம் அக்கா என்று நான் சொன்னதற்கு, அதைத் திரும்ப வலையில் வைத்துக்கொண்டே சொன்னார்:

"கழுவினா மண் போயிரும் தம்பி. உப்பும் போயிரும். பிறகு அது கருவாடும் இல்ல, மீனும் இல்ல."

ஹெட்செட்

மேலே போனால் இயந்திரச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதும் கேட்காது. ஆளுக்கொரு ஹெட்செட் உண்டு. ஒருவர் பேசினால் எல்லாருக்கும் கேட்கும். இதை ஏறுமுன் தெளிவாகத்தான் சொல்லுவேன். யார் கேட்கிறார்கள்.

கனடாவிலிருந்து ஒரு தம்பதி வந்திருந்தார்கள், யாழ்ப்பாணத்துப் பக்கம். ஐயாவுக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். களப்பைத் தாண்டி தீவுகளுக்கு மேலே வந்தபோது அம்மா பேசத் தொடங்கினார். என்னோடு இல்லை, ஐயாவோடு. இனித் திரும்பிப் போக விருப்பமில்லை என்றார். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், பேரப்பிள்ளைகளுக்குத் தமிழும் வராது, குளிர்காலம் முழுக்க ஒரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இருக்கிறேன் என்றார். இந்த மாதிரித் தண்ணீர்க் கரை ஒன்றில் சின்னதாக ஒரு வீடு போதும், நீங்கள் வராவிட்டாலும் நான் இருக்கப்போகிறேன், இதைச் சொல்லத்தான் இந்தப் பயணத்துக்கே உங்களைக் கூட்டிவந்தேன் என்றார். நான் பவளப்பாறையைப் பற்றிச் சொல்லவேண்டிய இடம் வந்துபோனது. ஐயா வெளியே பார்த்துக்கொண்டு அமைதியாகத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். ஒத்துக்கொண்டார் என்றுதான் நானும் நினைத்தேன்.

இறங்கிய பிறகு ஐயாவின் ஹெட்செட்டைக் கழற்றிய யூட், அதன் சத்தம் முழுதாகக் குறைத்து வைத்திருப்பதைக் காட்டினான். இயந்திரச் சத்தம் பிடிக்காமல் ஏறின உடனேயே அவரே திருகிவிட்டாராம். அம்மா அதைப் பார்த்தார். ஐயா வாகனத்துக்குப் போனபின் என் பக்கம் திரும்பினார்.

"நீர் எல்லாம் கேட்டிட்டீர் என்ன தம்பி? பரவாயில்லை. கேக்க வேண்டிய ஆள்தான் கேக்கேல்லை."

ஆளில்லாத கரை

எல்லாரும் டொல்பின் பார்க்க வருவதில்லை. காணி பார்க்கவும் வருவார்கள். கொழும்பிலிருந்து வந்த ஒருவர் டொல்பின் கூட்டத்தைக் காட்டியபோதும் திரும்பிப் பார்க்கவில்லை. கரையையே பார்த்துக்கொண்டு வந்தார். ஓரிடத்தில் கப்டனை வட்டமடிக்கச் சொன்னார். அது யூட்டின் ஆட்கள் தலைமுறையாகப் படகு இழுத்துவைக்கும் துறை. அன்று தலவில கத்தோலிக்கக் கோயிலில் திருநாள். துறையில் இருந்த அத்தனை பேரும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அங்கே போயிருந்தார்கள். மணலில் படகுகள்கூடக் குறைவு. இது மீன்பிடிக்கிற ஆட்களின் இடம் சேர், இன்றைக்குத் திருநாள் என்றேன். அவர் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

அடுத்த பருவம் வரும்போது அந்தத் துறையைச் சுற்றிக் கம்பி வேலி. வழக்கு நடக்கிறது என்கிறார்கள். யூட்டின் அப்பா இப்போது வேறொருவரின் துறையில், அவர்கள் இடம் விடுகிற நேரத்தில் படகை இழுக்கிறார். யூட் என்னிடம் ஒன்றும் கேட்டதில்லை. அந்த மனிதர் அன்று இறங்கும்போது சொன்னதை நானும் அவனிடம் சொன்னதில்லை.

"மேல இருந்து பாத்தா அங்க ஒரு மனுசரும் இல்லையே."

உம்மாவின் பயணம்

ஹெலிகொப்டரைத் திருத்தினால் பயணிகளை ஏற்றுமுன் ஒருதடவை பறந்து பார்ப்பார்கள். அப்படி ஒரு காலையில் கப்டன், உன் உம்மாவைக் கூட்டிவா என்றார். எங்கள் வீட்டார் தொண்ணூறில் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னார்ப் பக்கத்திலிருந்து விரட்டப்பட்டு வந்தவர்கள். நான் புத்தளத்தில் பிறந்தவன். அந்த ஊர் எனக்கு உம்மாவின் கதைதான். அது கப்டனுக்கும் தெரியும். எங்களுக்கு அனுமதி உள்ள எல்லை வரைக்கும் வடக்கே போய், உயரத்திலிருந்து அந்தக் கரையைக் காட்டலாம் என்றார்.

உம்மா புதுச் சாரியைச் சுற்றிக்கொண்டு வந்தார். ஏறின நேரத்திலிருந்து வாய்க்குள் ஓதிக்கொண்டிருந்தார், என் கையைப் பிடித்த பிடி விடவில்லை. வில்பத்துக் காட்டின் ஓரமாகப் போனோம். கப்டன் கையை நீட்டிக் காட்டினார். உம்மா, அந்தா உங்கட கரை, பாருங்க என்றேன். அவர் கண்ணை இறுக்கி மூடியிருந்தார். நான் தோளைத் தொட்டுச் சொன்னேன், திரும்பவும் சொன்னேன். தலையை மட்டும் ஆட்டினார். கப்டன் கொஞ்ச நேரம் அங்கேயே சுற்றிவிட்டுத் திரும்பினார்.

பயத்தில் மூடிக்கொண்டார் என்று நினைத்து எனக்கு மனசு கசந்துபோனது. இப்படி ஒரு சந்தர்ப்பம் இனிக் கிடைக்குமா. வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடிக்கும்போது, இவ்வளவு தூரம் போயும் பார்க்காமல் வந்துட்டீங்களே உம்மா என்று சொல்லிவிட்டேன். உம்மா கோப்பையைக் கீழே வைத்தார்.

"பயமில்ல மகன். கண்ணத் தொறந்திருந்தா என்னைய அங்கயே எறக்கிவிடச் சொல்லிக் கேட்டிருப்பேன். ஒன்னால ஏலுமா?"

கண்டக்குளிப் படகு

ஜெர்மனிக்காரர் மூன்று பேர், தகப்பன், தாய், வளர்ந்த மகள், பெல்ட் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். விசிறி சுற்ற ஆரம்பிக்குமுன் தோட்டத்து வாசலில் பக்கத்துக் கண்டக்குளிக் கிராமத்து ஆட்கள் பத்துப்பன்னிரண்டு பேர் வந்து நின்றார்கள். முந்தின நாள் கடலுக்குப் போன படகு ஒன்று திரும்பவில்லை. படகில் காமிலும் அவருடைய தங்கச்சி புருஷன் றவூபும். படகுகள் தேடிப் போயிருக்கின்றன, நீங்களும் மேலிருந்து ஒருக்கால் பாருங்கள் என்று கேட்டார்கள். கப்டன் என்னைப் பார்த்தார். நான் பயணிகளிடம் சொன்னேன். தாய்க்காரி உடனே, டொல்பின் வேண்டாம், எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள் என்றார்.

பவளப்பாறைக்கு அப்பால் போனோம். ஆளுக்கொரு ஜன்னல். கப்டன் வயல் உழுகிற மாதிரிப் போவதும் வருவதுமாக ஓட்டினார். கடல் கொந்தளிப்பாகத்தான் இருந்தது. ஒவ்வொரு அலையின் நுரையும் எனக்குப் படகாகத் தெரிந்தது. கிட்டப் போனால் நுரை. கரையை நோக்கித் திரும்பும் ஒவ்வொரு முறையும் காலை வெயில் தண்ணீரில் பட்டு நேரே கண்ணில் அடித்தது. அந்தப் பெண்பிள்ளை கண்ணில் நீர் வடிய வடியப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு கப்டன் எரிபொருள் முள்ளைத் தட்டிக் காட்டினார். எங்களுக்கு எரிபொருள் கொழும்பிலிருந்து பவுசர் வண்டியில்தான் வரவேண்டும். அன்றைக்கு வேறு இல்லை. திரும்பினோம். வாசலில் நின்ற ஆட்களுக்கு எங்கள் முகத்தைப் பார்த்ததுமே விளங்கிவிட்டது. தாய்க்காரி இறங்கி வந்து அவர்கள் ஒவ்வொருவர் கையையும் பிடித்தார்.

அடுத்த நாள் சிலாபத்துப் படகொன்று, கவிழ்ந்து கிடந்த படகைக் கண்டது. அதைப் பிடித்துக்கொண்டு றவூப் ஒருவர்தான் இருந்தார். காமில் நாங்கள் தேடிப்போன நாள் அந்தி வரைக்கும் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறார், பிறகு கை நழுவிவிட்டது. நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். போகாமல் இருந்திருக்கலாம் என்று பிறகு எத்தனையோ தடவை நினைத்ததுண்டு. றவூபின் உதடு வெடித்துக் கிடந்தது. நான் ஹெலிகொப்டரில் வேலை செய்கிறவன் என்று பக்கத்தில் நின்றவர்கள் சொன்னார்கள். அவருக்குக் கோபமில்லை. தெரிந்த ஆளிடம் விஷயம் சொல்வது மாதிரி, அண்ணன் முறைக்கு நானா என்று கூப்பிட்டுத்தான் சொன்னார்.

"நீங்க எங்களுக்கு நேர மேலால போனீங்க நானா. மச்சான் சட்டயக் கழட்டி ஆட்டினாரு. கண்டுட்டாங்க, இப்ப திரும்பி வருவாங்கன்னு பொழுதுபடும் வரைக்கும் சொல்லிக்கொண்டே இருந்தாரு."

மேலே போனால் எல்லாம் தெரியுமா என்று இப்போது பயணிகள் கேட்டால், அழகாகத் தெரியும் என்று மட்டும் சொல்லிவிட்டு நான் அவர்களுடைய பெல்ட்டைச் சரிபார்க்கக் குனிந்துகொள்கிறேன்.